வைட்டமின் டி குறைந்தால் மார்பகப் புற்றுநோய் வருமா? அக்காவுக்கு 9, எனக்கு 14

கேள்வி: ஈரோட்டு வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. சென்ற ஆண்டு, 52 வயதில், என் அக்காவுக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடிந்து இப்போது கதிர்வீச்சு நடந்துகொண்டிருக்கிறது. கீமோ முடிந்த கையோடு எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம்தான் இருந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோய் நானும் பரிசோதித்துக்கொண்டேன். எனக்கு 14. முப்பதுக்கு மேல் இருக்க வேண்டும் என்று அச்சிட்டு, என் எண்ணைத் தடித்த எழுத்தில் காட்டியிருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் உறவினர் ஒருவர் குடும்பக் குழுவில் ஒரு காணொளியை அனுப்பினார். ரத்தத்தில் வைட்டமின் டி 60க்கு மேல் இருக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைவு என்று அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு சொல்வதாக அதில் பேசுகிறார்கள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே 60,000 யூனிட் சாஷே கிடைக்கிறது. வாரம் ஒன்றாக விடாமல் சாப்பிட்டு அளவை 60க்குக் கொண்டுபோய்விடலாமா என்று யோசிக்கிறேன். அக்காவோ, "வெயிலே படாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்ததால்தான் எனக்கு வந்தது" என்று தன்னையே நொந்துகொள்கிறாள். அது உண்மையா? ஈரோட்டில் வெயிலுக்கு என்ன பஞ்சம், இருந்தும் எங்கள் இருவருக்கும் ஏன் இவ்வளவு குறைவு? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கரிசல்

சகோதரி, நான் பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

ஊரில் வெயில் அடிப்பதும் அது தோலில் படுவதும் வேறு வேறு. தோலில் வைட்டமின் டி உருவாகப் புற ஊதாக் கதிரின் 'பி' வகை தேவை. அது காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரைதான் நம்மிடம் போதுமான அளவில் வந்து சேர்கிறது. கண்ணாடி அதைத் தடுத்துவிடுவதால், ஜன்னலோரம் உட்கார்ந்து பெறும் வெயிலால் இந்த வகையில் பயனில்லை. அந்த ஐந்து மணி நேரமும் நம் பெண்களில் பெரும்பாலோர் சமையலறையிலோ, அலுவலகத்திலோ, தறிக்கூடத்திலோ இருக்கிறார்கள். வெளியே போனாலும் முகமும் முன்கையும் தவிர மற்றவை துணிக்குள். கருநிறத் தோலில் உள்ள மெலனின் இதே கதிரை உறிஞ்சிக்கொள்வதால், வெள்ளைத் தோலைவிட நமக்கு அதிக நேரம் வெயில் வேண்டும். உணவிலும் கொழுப்புள்ள மீன், முட்டை மஞ்சள் கரு தவிர, சொல்லும்படியாக இந்த வைட்டமின் தருபவை குறைவு. உடலில் கொழுப்பு கூடுதலாக இருந்தால் வைட்டமின் அங்கே தங்கிவிடுவதால் ரத்தத்தில் எண் குறைவாகத் தெரியும். இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் பற்றிப் பேசும்போது அது மறுபடியும் வரும்.

அக்காவின் 9 எப்போது எடுக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள். பல மாதங்கள் கீமோ எடுத்து, சாப்பாடு பிடிக்காமல், வெளியே போகாமல் இருந்த ஒருவருக்கு அந்த அளவு குறைந்திருப்பதில் வியப்பில்லை. நோய் வருவதற்கு முன் அவருக்கு எவ்வளவு இருந்தது என்பதை அந்த எண் காட்டாது. மார்பகக் கட்டி கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகின்றன என்பதால், கீமோவுக்குப் பின் எடுத்த ஓர் அளவை நோயின் காரணமாகக் கொள்வதற்கு இடமே இல்லை.

உங்கள் 14 குறைவுதான், சரிசெய்ய வேண்டியதுதான். ஆனால் முப்பது என்ற எல்லையைப் பார்த்து மிரள வேண்டாம். 2010இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் அமைத்த நிபுணர் குழு, எலும்பு நலத்துக்கு 20 இருந்தால் ஏறத்தாழ எல்லோருக்கும் போதும் என்றது. அடுத்த ஆண்டு அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் சங்கம் முப்பது என்று வைத்தது; நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் அதையே அச்சிடுகின்றன. அதே சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த முப்பதைக் கைவிட்டதோடு, நலமாக இருக்கும் பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனையை எடுக்க வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது.

குறைவு இருப்பவர்களுக்கு நாங்கள் எழுதித் தருவது, 60,000 யூனிட் வாரம் ஒரு முறை, எட்டு வாரம். பிறகு நாளொன்றுக்கு 1,000 அல்லது 2,000 யூனிட் என்று குறைத்துவிடுவோம். சாஷேயைப் பாலில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் குடித்தால் நன்றாக உறிஞ்சப்படும். எட்டு வாரத்தோடு நிறுத்த வேண்டியதை ஆண்டுக்கணக்கில் தொடர்வதும், 'வாரம் ஒன்று' என்பதை 'தினம் ஒன்று' என்று புரிந்துகொண்டு விழுங்குவதும்தான் ஆபத்து. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், மனக்குழப்பம் என்று தொடங்கிச் சிறுநீரகம் பழுதடைவதில் போய் முடியும். இது கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால், நிறுத்திய பின்னும் அந்த நஞ்சு உடனே வெளியேறாது, வாரக்கணக்கில் நீடிக்கும். ஆகவே 60ஐ எட்டுவதற்காக நீங்களாகவே தொடர்ந்து சாப்பிட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

பதில்: தென்பொதிகை

மருத்துவரின் விளக்கத்துக்கு நன்றி. நான் நோய்ப்பரவலியல் பிரிவில் புள்ளியியல் கற்பிக்கிறேன். அந்த 80 சதவீதக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. அந்த ஆய்வு பொய்யல்ல, அதிலிருந்து காணொளி எடுத்த முடிவுதான் தவறு.

இந்தக் கருத்துக்கு நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. செட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் என்ற சகோதரர்கள் 1980இல், அமெரிக்காவில் வெயில் குறைந்த மாநிலங்களில் பெருங்குடல் புற்றுநோயால் இறப்பவர்கள் அதிகம் என்பதைக் காட்டி, வைட்டமின் டி காப்பாக இருக்கலாம் என்று எழுதினார்கள். 1990இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அதே வகை வரைபடம் வந்தது. ஆய்வகச் சான்றும் துணைக்கு இருந்தது: மார்பகச் செல்களில் வைட்டமின் டி ஏற்பி (அதைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) இருக்கிறது, அந்த வைட்டமினின் செயல்வடிவமான கால்சிட்ரியாலைக் கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுச் செல்கள் மீது விட்டால் அவற்றின் பெருக்கம் மட்டுப்படுகிறது. ஆகவே இது ஆராயத் தகுந்த கருத்துதான் என்பதில் ஐயமில்லை.

காணொளி சொல்லும் ஆய்வு 2018இல் வெளிவந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த செட்ரிக் கார்லண்டும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். 55 வயதுக்கு மேற்பட்ட 5,038 பெண்களின் தரவு அதில் இருக்கிறது. நெப்ராஸ்காவில் நடந்த இரண்டு மருந்துச் சோதனைகளில் பங்கேற்றவர்களையும், தாமாக முன்வந்து தங்கள் வைட்டமின் அளவைத் தொடர்ந்து பரிசோதித்துக்கொண்ட ஒரு குழுவையும் ஒன்றாகச் சேர்த்து, 60க்கு மேல் இருந்தவர்களை 20க்குக் கீழ் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அந்த ஒப்பீட்டில்தான் 82 சதவீதம் குறைவு என்று வந்தது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து பாருங்கள். யாருக்கு வைட்டமின், யாருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஒப்பீடு அல்ல இது. அவரவர் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதை வைத்துச் செய்த ஒப்பீடு. ரத்தத்தில் 60 வைத்திருக்கும் அமெரிக்கப் பெண் யார்? பெரும்பாலும் ஒல்லியாக இருப்பவர், வெளியில் நடப்பவர், மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் செலவு செய்ய வசதி உள்ளவர், உடல்நலத்தில் அக்கறை கொண்டவர். மாதவிடாய் நின்ற பிறகு உடற்பருமன் மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைக் கூட்டும் என்பதும், உடலுழைப்பு அதைக் குறைக்கும் என்பதும் நன்கு நிறுவப்பட்டவை. மருத்துவர் சொன்னதுபோல், அதே உடற்பருமன் ரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் குறைக்கிறது. ஒரே காரணம் இரண்டு பக்கமும் வேலை செய்யும்போது, இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தொடர்பு இருப்பதுபோல் தெரிவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். உடல் எடை முதலியவற்றைக் கணக்கில் கழித்துவிட்டதாக அந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஒருவரின் வாழ்க்கை முறை முழுவதையும் சில கட்டங்களில் அடக்கிக் கழித்துவிட முடியாது.

குலுக்கல் முறையில் செய்தபோது என்ன ஆனது என்பதுதான் முக்கியம். 'பெண்கள் நல முன்முயற்சி' என்ற பெரும் அமெரிக்க ஆய்வில் 50 முதல் 79 வயது வரையிலான, மாதவிடாய் நின்ற 36,282 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு நாளும் 400 யூனிட் வைட்டமின் டியும் 1,000 மில்லிகிராம் கால்சியமும், மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் சராசரியாக ஏழு ஆண்டுகள் கொடுத்தார்கள். வைட்டமின் எடுத்தவர்களில் 528 பேருக்கும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 546 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. வேறுபாடு இல்லை என்றே பொருள். சிறுநீரகக் கல் மட்டும் வைட்டமின் பக்கம் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. இந்த ஆய்வில் எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது வேறொன்று: தொடக்கத்தில் எடுத்து வைத்த ரத்த மாதிரிகளைப் பின்னர் சோதித்தபோது, உடல் எடையையும் உடலுழைப்பையும் கணக்கில் எடுத்ததும், வைட்டமின் அளவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தெளிவான தொடர்பு எதுவும் மிஞ்சவில்லை.

400 யூனிட் மிகவும் குறைவு என்று எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. அதற்கு விடைபோல வந்தது 'வைட்டல்' ஆய்வு. 50 வயதைக் கடந்த ஆண்களும் 55 வயதைக் கடந்த பெண்களுமாக 25,871 பேர், நாளொன்றுக்கு 2,000 யூனிட், ஐந்து ஆண்டுகளுக்கு மேல். முடிவு 2018இன் இறுதியில் வெளியானது. புற்றுநோய் வருவது குறையவில்லை. மார்பகப் புற்றுநோயும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமம். காணொளி புகழும் அதே நெப்ராஸ்காவின் சோதனையிலும், 2,303 பெண்களுக்கு 2,000 யூனிட்டும் கால்சியமும் நான்கு ஆண்டுகள் கொடுத்துக் குலுக்கல் முறையில் ஒப்பிட்டபோது, எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு கிடைக்கவில்லை என்று 2017இல் அதை நடத்தியவர்களே எழுதினார்கள்.

இன்னொரு வழியிலும் பார்த்திருக்கிறார்கள். சிலருக்குப் பிறவியிலேயே, அவர்கள் பெற்ற மரபணுக்களால், வைட்டமின் டி வாழ்நாள் முழுவதும் சற்றுக் குறைவாக இருக்கும். குறைவுதான் காரணம் என்றால், அப்படிப்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் கூடுதலாக இருக்க வேண்டும். 2017இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வு உட்பட, இவ்வகையில் தேடியவர்கள் அப்படி ஒரு கூடுதலைக் காணவில்லை.

ஒரு செய்தியை மட்டும் இடைச்செருகலாகச் சொல்கிறேன், ஏனெனில் இதே வழியில் ஒருமுறை மருத்துவ உலகம் நடந்து பார்த்திருக்கிறது. ரத்தத்தில் பீட்டா கரோட்டின் (கேரட் போன்றவற்றில் உள்ள சத்து) அதிகம் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று எண்பதுகளில் பல ஆய்வுகள் காட்டின. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு சோதித்தபோது, 1994இல் வந்த முடிவு நேர்மாறாக இருந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. ரத்தத்தில் ஒரு சத்து கூடுதலாக இருப்பதும், அதை மாத்திரையாக ஊற்றி நிரப்புவதும் ஒன்றல்ல.

நேர்மையாக எழுத வேண்டுமானால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வைட்டல் ஆய்வில் புற்றுநோய் வருவது குறையாவிட்டாலும், முதல் இரண்டு ஆண்டுகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டபோது புற்றுநோயால் இறப்பது வைட்டமின் எடுத்தவர்களில் கால் பங்கு குறைந்தது. முற்றிய நிலைப் புற்றுநோயும், குறிப்பாக எடை சரியாக இருந்தவர்களில், குறைந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 21,315 பேருக்கு மாதம் ஒரு முறை 60,000 யூனிட் கொடுத்த ஆய்வு 2022இல் வந்தபோது இறப்பு குறையவில்லை. ஆகவே அந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. மேலும், இந்தப் பெரிய சோதனைகள் எல்லாம் வயது முதிர்ந்தவர்களிடம், பெரும்பாலும் வெள்ளையரிடம் நடந்தவை. அவர்களில் பலருக்குத் தொடக்கத்திலேயே போதுமான அளவு இருந்தது. 46 வயதில் 14 வைத்திருக்கும் தமிழ்ப் பெண்ணை நேரடியாகச் சோதித்தவை அல்ல. அதனால் குறைவைச் சரிசெய்யுங்கள். 60 என்ற எண்ணுக்குப் பின்னால் ஓடாதீர்கள்.

பதில்: நெய்தல்

அன்புச் சகோதரி, நான் நாகர்கோவில் பக்கம். நானும் இதே நோய்க்குச் சிகிச்சை பெற்றவள். இப்போது தினமும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை. அக்காவுக்காக எழுதுகிறேன்.

அக்காவின் கட்டி ஹார்மோன் ஏற்பி உள்ள வகையாக இருந்து, மாதவிடாயும் நின்றிருந்தால், அவருக்கும் இந்த மாத்திரையோ, அனஸ்ட்ரசோலோ தருவார்கள். இவை உடலில் ஈஸ்ட்ரோஜனை அடியோடு குறைப்பதால் எலும்பு தேயும், மூட்டு இறுகும். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல், தோசைக் கரண்டியைப் பிடிப்பதற்கே சற்று நேரம் ஆகும் எனக்கு. அதனால்தான் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து, வைட்டமின் டியையும் கால்சியத்தையும் சரிபார்க்கிறார்கள். எலும்புக்காக சோலெட்ரோனிக் ஊசி போட நேர்ந்தாலும், அதற்கு முன் இந்த இரண்டும் சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கிவிடும். எனவே அக்காவின் 9 கட்டாயம் கவனிக்கப்பட வேண்டியது. அதைச் சரிசெய்வது அவருடைய எலும்புக்காக.

வெயில் படாததால் நோய் வந்தது என்று அவர் நினைப்பதை மட்டும் தயவுசெய்து வளர விடாதீர்கள். எனக்கு நோய் வந்தபோது பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். பிராய்லர் கோழி என்றார் ஒருவர், இறுக்கமான உள்ளாடை என்றார் இன்னொருவர். அத்தனையும் கேட்டுக்கொண்டு, நாம்தான் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று இரவெல்லாம் விழித்துக் கிடப்பது கீமோவைவிடக் கொடுமை. மேலே இவர்கள் இருவரும் எழுதியதை அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஈரோட்டு வாசகி

மூவருக்கும் நன்றி. அக்காவிடம் அலைபேசியிலேயே படித்துக் காட்டினேன். அழுதாள், பிறகு சற்று நிம்மதியாகத்தான் பேசினாள். அவளுடைய பயாப்ஸி அறிக்கையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ் என்றுதான் இருக்கிறது. சாஷேயை எட்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வைட்டமின் காப்பாற்றாது என்றால், அக்காவுக்கு வந்த நோய் எனக்கு வராமலிருக்க நான் என்னதான் செய்வது? எங்கள் அம்மா வழியில் யாருக்கும் இந்த நோய் இல்லை. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, நாற்பத்தெட்டு வயதில் சினைப்பைப் புற்றுநோயில் இறந்துபோனார். அது வேறு உறுப்பு, அதுவும் அப்பா வழி என்பதால் முதலில் குறிப்பிடவில்லை.

பதில்: கரிசல்

சகோதரி, இந்த உரையாடல் முழுவதிலும் உங்கள் எதிர்காலத்துக்கு மிக முக்கியமான செய்தி, நீங்கள் இப்போது சொன்ன அந்தக் கடைசி வரிதான்.

பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரண்டு மரபணுக்களில் பழுது இருந்தால், மார்பகம், சினைப்பை இரண்டிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது. அந்தப் பழுது தந்தை வழியிலும் அதே அளவு வரும். உங்கள் அப்பாவுக்கு நோய் எதுவும் வராமலே கூட அது உங்கள் இருவருக்கும் வந்திருக்க முடியும். பழுது உள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. வந்திருந்தால் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். உங்கள் குடும்பத்தில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அத்தைக்கு சினைப்பையில், அக்காவுக்கு மார்பகத்தில் என்று வந்திருப்பதால் கட்டாயம் பார்க்க வேண்டும் என்கிறேன்.

முதலில் சோதிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, அக்கா. நோய் வந்தவரிடம் பழுதைத் தேடிக் கண்டுபிடித்தால், அதே பழுது உங்களிடம் உண்டா என்று பார்ப்பது எளிது. அவரை விட்டுவிட்டு உங்களை மட்டும் சோதித்து 'இல்லை' என்று வந்தால், அதற்கு முழுப் பொருள் கிடைக்காது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் மரபணு ஆலோசனை பெறலாம். அக்காவின் சிகிச்சையே இந்த முடிவால் மாறக்கூடும் என்பதால், கதிர்வீச்சு முடியும்வரை காத்திராமல் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள்.

மரபணு சரியாக இருந்தாலும், உடன்பிறந்தவருக்கு நோய் வந்ததால் உங்கள் வாய்ப்பு மற்ற பெண்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 46 வயதில் ஆண்டுக்கொரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கத் தொடங்குங்கள். பயிற்சி பெற்ற ஒருவர் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையையும் குறைவாக மதிக்காதீர்கள்: மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபது ஆண்டுகள் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஈராண்டுக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர்கள் அப்படிப் பார்த்ததாலேயே நோய் முந்தைய கட்டத்தில் பிடிபட்டது; 50 வயதைக் கடந்த பெண்களில் இந்த நோயால் இறப்பது ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும் தினசரி நடையும் உங்கள் கையில் இருப்பவை. நடைக்கு வெயில் ஒரு நிபந்தனையல்ல. விடியற்காலையில் நடந்தாலும் பலன் உண்டு.

ஆலோசனைக்குப் போகும்போது அக்காவின் பயாப்ஸி அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். அப்பாவின் உடன்பிறந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும், யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஆண்களை விட்டுவிடாதீர்கள். அத்தை சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் பழைய கோப்பு யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள், அவருக்கு வந்தது எந்த வகைச் சினைப்பைப் புற்று என்பது அதில் எழுதப்பட்டிருக்கும்.